ஹாரி வார்டு லியோனார்டு

ஹாரி வார்டு லியோனார்டு (பெப்ரவரி 8, 1861 – பெப்ரவரி 18, 1915) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மின்பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். மோட்டார் என்று பொதுவாக வழங்கும் மின்னோடியின் வேகத்தை, சுழியத்திலிருந்து முழு வேகம் வரை இரு திசைகளிலும் சீராக மாற்றுவதற்கு இவர் 1891ஆம் ஆண்டில் கண்டறிந்த முறை "வார்டு லியோனார்டு முறை" என்று இவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மின்தூக்கிகள், சுரங்க ஏற்றிகள், எஃகு உருட்டாலைகள், அச்சு இயந்திரங்கள், காகித ஆலைகள், போர்க்கப்பல்களின் பீரங்கி மேடைகள் ஆகியவற்றில் இம்முறை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோலோச்சியது. இன்று ஆலைகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குள் கையடக்கமாகப் பொருத்தப்படும் மாறுவேக இயக்கிகள் (டிரைவ்கள்) இவருடைய கருவியிலிருந்து தோற்றத்தில் முற்றிலும் வேறுபட்டவை. ஆனால் அவை செய்யும் வேலையின் அடிப்படைக் கருத்து இவருடையதே.

பிறப்பும் கல்வியும்

லியோனார்டு ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். பாசுட்டன் நகரில் அப்பொழுது இயங்கி வந்த மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1883ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மின்பொறியியல் என்பது தனித்துறையாக உருப்பெறத் தொடங்கியிருந்த காலம் அது. தாமசு எடிசன் நியூ யார்க்கின் பேர்ல் தெருவில் தம் மின் நிலையத்தைத் தொடங்கியது 1882 செப்டம்பரில்தான். ஆகவே லியோனார்டின் தலைமுறையினர் மின்சாரத்தைப் பாடநூலில் கற்றதை விட வேலைக்களத்தில் கற்றதே மிகுதி.

எடிசனிடம் பணி

1884ஆம் ஆண்டில் லியோனார்டு எடிசனின் நிறுவனத்தில் சேர்ந்தார். நகரங்களில் மைய மின் நிலையங்களை நிறுவிப் பரப்புவது அவரும் அவருடைய சக பொறியாளர்களும் ஏற்ற பணி. பின்னர் 1887இல் சிக்காகோ சென்று மேற்கத்திய மின்விளக்கு நிறுவனம் ஒன்றின் மேற்பார்வையாளரானார். அதன் பின் "லியோனார்டு அண்டு இசார்டு" என்னும் ஒப்பந்த நிறுவனத்தைக் கூட்டாக நடத்தி மின் நிலையங்களும் மின் தொடருந்துப் பாதைகளும் அமைத்தார். அந்நிறுவனத்தை எடிசன் தரப்பு வாங்கிக்கொண்டபோது லியோனார்டும் மீண்டும் எடிசன் தரப்புக்கே வந்து, ஒளி, ஆற்றல் ஆகிய பிரிவுகளுக்குப் பொது மேலாளராக நியூ யார்க்கில் பணியாற்றினார். முப்பது அகவைக்குள் எட்டிய பதவி என்ற அளவில் இது பெரியது.

இப்பதவியில் அவர் கண்ட ஒரு நடைமுறைச் சிக்கலே அவருடைய கண்டுபிடிப்புக்கு வித்திட்டது எனலாம். மைய மின் நிலையங்கள் முதலில் விளக்குகளுக்காகக் கட்டப்பட்டவை. இரவில் சில மணி நேரம் அவற்றுக்கு வேலை இருக்கும். பகல் முழுதும் நீராவிப் பொறியும் மின்னாக்கியும் (செனரேட்டரும்) பயனின்றிக் கிடக்கும். பகலிலும் மின்சாரம் விற்க வேண்டுமாயின் அதை வாங்குபவர்கள் ஆலைகளும் பட்டறைகளுமாகத்தான் இருக்க முடியும். அவர்கள் வாங்க வேண்டுமாயின், அவர்களுக்குத் தேவையான வேகத்தில் ஓடும் மின்னோடி வேண்டும்.

விளக்குக்கு வேண்டியது மாறாத மின்னழுத்தம். எனவே எடிசனின் கம்பிகளில் மின்னழுத்தம் எப்பொழுதும் ஒரே அளவில் வைத்திருக்கப்பட்டது. அக்கம்பியில் இணைத்த மின்னோடி ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் ஓடும். விசிறிக்கோ நீரேற்றிக்கோ அது போதும். ஆனால் மின்தூக்கி மெல்லக் கிளம்பி, விரைந்து, மீண்டும் மெல்ல வந்து தளத்தின் மட்டத்தில் நிற்க வேண்டும். அச்சு இயந்திரத்தில் தாளைக் கோக்கும்போது அது ஊர்ந்து செல்ல வேண்டும், அச்சிடும்போது பறக்க வேண்டும். பாரந்தூக்கிக்கு இரு திசைகளும் வேண்டும். நீராவிப் பொறியால் ஓடிய பழைய ஆலைகளில், கூரையடியில் நீண்ட தண்டு ஒன்று சுழலும். அதிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் ஓட்டும். படிப்படியான விட்டம் கொண்ட கப்பியில் வாரை ஒரு படியிலிருந்து மறு படிக்குத் தள்ளுவதே வேகத்தை மாற்றும் வழி. இடைப்பட்ட வேகம் கிடையாது.

வேகச் சிக்கலும் அன்றைய தீர்வும்

வார்டு லியோனார்டு முறையை விளங்கிக்கொள்ள நேர்மின்னோட்ட மின்னோடியின் இயல்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுழலும் மின்னோடி தானும் ஒரு மின்னாக்கி போலச் செயற்பட்டு, தனக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னியக்கு விசையைத் தோற்றுவிக்கும். காந்தப்புலம் மாறாதிருந்தால் இந்த எதிர்விசை வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். எதிர்விசை ஏறத்தாழ கொடுக்கப்பட்ட மின்னழுத்தத்தை எட்டும் வேகத்தில் மின்னோடி நிலைபெறும். ஆகவே மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் வேகமும் ஏறத்தாழப் பாதியாகும்.

மாறாத மின்னழுத்தம் கொண்ட கம்பியிலிருந்து பாதி மின்னழுத்தத்தைப் பெறுவது எப்படி? அன்றைய பொறியாளர்கள் மின்னோடிக்கு முன்னால் ஒரு மின்தடையத்தைச் சேர்த்து, எஞ்சிய மின்னழுத்தத்தை அதில் எரித்தனர். ஓர் எடுத்துக்காட்டு: 220 வோல்ட்டு கம்பியில், 50 ஆம்பியர் இழுக்கும் ஒரு மின்னோடியைப் பாதி வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று கொள்வோம். மின்னோடியின் உட்தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 2.2 ஓம் மின்தடையம் ஒன்று 110 வோல்ட்டைத் தாங்கும். கம்பியிலிருந்து எடுக்கப்படும் திறன் 11 கிலோவாட்டு. அதில் 5.5 கிலோவாட்டு மின்னோடிக்குச் செல்லும். மற்ற 5.5 கிலோவாட்டு வெறும் வெப்பமாகும். முழு விசையில் ஓடும் வண்டியைத் தடைக்கட்டையை அழுத்திப் பிடித்தே மெதுவாகச் செலுத்துவதற்கு இது ஒப்பாகும்.

வீணாகும் ஆற்றலைக் காட்டிலும் பெரிய குறை இன்னொன்று உண்டு. பளு குறைந்து மின்னோட்டம் 10 ஆம்பியராக இறங்கினால் அதே மின்தடையம் 22 வோல்ட்டைத்தான் தாங்கும். மின்னோடிக்கு 198 வோல்ட்டு போய்ச் சேர, பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது திடீரென முழு வேகத்தை நெருங்கிவிடும். அதாவது மின்தடையம் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. குறிப்பிட்ட ஒரு பளுவில் மட்டும் கட்டுப்படுத்துவது போல் தோன்றுகிறது. ஆள் நிறைந்த மின்தூக்கியும் ஆளில்லா மின்தூக்கியும் ஒரே கைப்பிடி நிலையில் வெவ்வேறு வேகத்தில் போகும் என்றால் அதை இயக்குபவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

மின்னோடியின் காந்தப்புலத்தை வலுக்குறைத்து வேகத்தைக் கூட்டும் வழியும் அன்று அறியப்பட்டிருந்தது. ஆனால் அதனால் வேகத்தை உயர்த்தத்தான் முடியும், இயல்பு வேகத்துக்குக் கீழே இறக்க முடியாது. உயர்த்தும்போது முறுக்கு விசையும் குறைந்துவிடும்.

வார்டு லியோனார்டு முறை

லியோனார்டு மின்னழுத்தத்தை எரிப்பதற்கு மாறாக, வேண்டிய அளவு மட்டுமே ஆக்கினார். அவருடைய அமைப்பில், வேலை செய்யும் மின்னோடிக்கென்றே தனியாக ஒரு மின்னாக்கி ஒதுக்கப்படுகிறது. அந்த மின்னாக்கியை மற்றொரு மின்னோடியோ நீராவிப் பொறியோ மாறாத வேகத்தில் சுழற்றிக்கொண்டிருக்கும். மின்னாக்கியின் வெளியீடு நேராக வேலை மின்னோடியின் சுழலகத்துக்குச் செல்லும். இடையில் மின்தடையம் எதுவும் இல்லை. வேலை மின்னோடியின் காந்தப்புலம் மாறாமல் வைக்கப்பட்டிருக்கும்.

மாற்றப்படுவது மின்னாக்கியின் புலச்சுருளில் ஓடும் சிறு மின்னோட்டம் மட்டுமே. அதைக் கூட்டினால் மின்னாக்கியின் மின்னழுத்தம் கூடும், வேலை மின்னோடி விரையும். குறைத்தால் வேகம் தணியும். சுழியமாக்கினால் நிற்கும். திசை மாற்றினால் மின்னோடியும் எதிர்த்திசையில் சுழலும். புலச்சுருளுக்குத் தேவைப்படும் திறன் முழுத் திறனின் மிகச் சிறு பங்கே ஆதலால், நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் கொண்ட மின்னோடியையும் கைக்கு அடக்கமான ஒரு சிறு கட்டுப்பாட்டுக் கருவியால் ஆள முடிந்தது. கனத்த மின்னோட்டத்தைத் துண்டித்துப் பொறி பறக்கவிடும் பெரிய இணைப்பிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

கிளம்பும் தருணத்தில் இதன் பயன் தெளிவாகத் தெரியும். மேற்கண்ட 50 ஆம்பியர் மின்னோடியை மின்தடையம் கொண்டு கிளப்பினால், அது நகரத் தொடங்கும் முன்பே கம்பியிலிருந்து முழு 11 கிலோவாட்டு இழுக்கப்படும். லியோனார்டின் அமைப்பில் அதே 50 ஆம்பியரை ஒரு சில வோல்ட்டுகளே செலுத்தும். எனவே கம்பியில் விழும் பளு மிகச் சிறிது.

இன்னொரு பண்பு இவ்வமைப்பில் தானாகவே வந்து அமைந்தது. மின்னாக்கியின் மின்னழுத்தத்தை மின்னோடியின் எதிர்விசைக்குக் கீழே இறக்கினால் மின்னோட்டம் திரும்பிப் பாயும். வேலை மின்னோடி மின்னாக்கியாக மாறி, இறங்கும் பாரத்தின் ஆற்றலை மீண்டும் கம்பிக்கே அனுப்பும். பாரமும் மின்தேய்மானமின்றி நிதானமாக இறங்கும். இதனை மீளாக்கத் தடுப்பு என்பர்.

இம்முறையை உள்ளடக்கிய 463,802 எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமம் 1891 நவம்பர் 24 அன்று வழங்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் லியோனார்டு எடிசன் நிறுவனத்தை விட்டு விலகினார். 1892இல் எடிசன் செனரல் எலக்ட்ரிக்கும் தாம்சன்-கூசுட்டனும் இணைந்து செனரல் எலக்ட்ரிக் உருவானபோது அவர் தம் சொந்தத் தொழிலில் இறங்கியிருந்தார்.

எதிர்ப்பும் வாதமும்

புதிய முறைக்கு உடனடி வரவேற்புக் கிட்டவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு மின்னோடி செய்யும் வேலைக்கு மூன்று இயந்திரங்கள் தேவைப்பட்டன. மூன்றும் ஏறத்தாழ முழு அளவினவாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 90 விழுக்காடு பயனுறுதிறன் உடையது என்று கொண்டால்கூட, மூன்றையும் கடந்து வரும்போது 73 விழுக்காடே எஞ்சும். முழு வேகத்தில் நாள் முழுதும் ஓடும் இயந்திரத்துக்கு இது நட்டக் கணக்கு என்பதில் ஐயமில்லை. வேலையின்றி நிற்கும் நேரத்திலும் மின்னாக்கித் தொகுதி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது மேலும் ஒரு குறை.

லியோனார்டு அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் கூட்டங்களில் இதைப் பற்றித் தொடர்ந்து வாதிட்டார். 1896ஆம் ஆண்டில் அவர் அங்கு அளித்த கட்டுரையின் தலைப்பே வோல்ட்டையும் ஓமையும் எதிரெதிராக நிறுத்தியது. மின்னோடியின் வேகத்தை ஆள வேண்டியது மின்னழுத்தமா மின்தடையா என்பதே கேள்வி. இன்று இதற்கு விடை பள்ளி மாணவருக்கும் தெளிவு. ஆனால் மின்தடையம் மலிவு, மின்னாக்கி விலை மிகுந்தது. வாங்குபவர் முதலில் பார்த்தது விலைச்சீட்டையே. அடிக்கடி நின்று கிளம்பும் வேலைகளிலும், துல்லியமான வேகம் வேண்டும் வேலைகளிலும், பெரும் பாரம் இறங்கும் வேலைகளிலும்தான் லியோனார்டின் கணக்கு வென்றது. அவ்வேலைகள் நாளுக்கு நாள் பெருகியதே அவருடைய நற்பேறு.

1894இல் இதே கழகத்தில் அவர் வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டார். மின் நிலையத்திலிருந்து நூறு மைல் தொலைவுக்கு நீளும் தொடருந்துப் பாதையை எப்படி இயக்குவது? உயர் அழுத்த மாறுதிசை மின்னோட்டத்தை ஒற்றைக் கம்பியில் கொண்டு சென்று, இழுபொறியின் உள்ளேயே மின்னோடி–மின்னாக்கித் தொகுதியை வைத்து அதை நேர்மின்னோட்டமாக்கி ஓட்டலாம் என்ற வழியை அவர் முன்வைத்தார். இழுபொறியில் மின் நிலையத்தையே ஏற்றிச் செல்வது போன்ற இந்த எண்ணம் அன்று மிகையாகத் தோன்றியிருக்கக்கூடும். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கோன் நிறுவனம் சீபாக்–வெட்டிங்கன் சோதனைப் பாதையில் 1905 வாக்கில் ஓட்டிய முதல் இழுபொறி இவ்வகையினதே. ஐக்கிய அமெரிக்காவின் கிரேட் நார்தர்ன் தொடருந்து நிறுவனம் காசுகேடு மலைப்பகுதியில் 1920களின் இறுதியில் ஓட்டிய இழுபொறிகளும் மின்னோடி–மின்னாக்கித் தொகுதியைக் கொண்டிருந்தன.

நிறுவனமும் பிற கண்டுபிடிப்புகளும்

லியோனார்டு நிறுவிய வார்டு லியோனார்டு மின் நிறுவனம் நியூ யார்க் மாநிலத்தின் பிராங்சுவில்லிலும், பின்னர் மவுண்ட் வெர்னனிலும் இயங்கியது. மின்தடையங்கள், தொடக்கிகள், மின்சுற்று முறிப்பான்கள், நாடக மேடை விளக்குகளின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவிகள் ஆகியவை அதன் விளைபொருள்கள். பீங்கான் பூச்சுக்குள் கம்பியைப் பதித்துச் செய்யும் மின்தடையங்கள் அந்நிறுவனத்தின் பெயரை நெடுங்காலம் நிலைநிறுத்தின. மின்தடையத்துக்கு எதிராக வாழ்நாள் முழுதும் வாதிட்டவரின் நிறுவனம் மின்தடையம் விற்றே தழைத்தது என்பது வேடிக்கையான உண்மை. இதில் முரண் ஏதும் இல்லை. விளக்கின் ஒளியைக் குறைப்பதற்கும், சிறு புலச்சுருளின் மின்னோட்டத்தைத் திருத்துவதற்கும் அன்று மின்தடையமே தகுந்த கருவி. பெரும் திறனை அதில் எரிப்பதைத்தான் அவர் எதிர்த்தார்.

தானுந்துகளிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. கன்னெய்ப் பொறி (பெட்ரோல் எஞ்சின்) ஒரு மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரத்தில் சக்கரங்கள் ஓடும் ஊர்திகளுக்கு அவர் காப்புரிமம் பெற்றார். பிற்காலத்து டீசல்–மின் இழுபொறிகளுக்கு இது உறவுமுறை உடையது. செனரல் எலக்ட்ரிக்கின் எர்மன் லெம்ப் 20ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் வகுத்த கட்டுப்பாட்டு முறையிலும் மின்னாக்கியின் புலத்தைக் கொண்டே இழுப்பு மின்னோடிகள் ஆளப்பட்டன. இந்திய இரயில்வேயில் நெடுங்காலம் ஓடிய டபிள்யூ.டி.எம்.-2 வகை டீசல் இழுபொறியில் இருந்ததும் நேர்மின்னோட்ட மின்னாக்கியும் நேர்மின்னோட்ட மின்னோடிகளுமே.

மறைவு

லியோனார்டு 1915 பெப்ரவரி 18 அன்று நியூ யார்க்கில் காலமானார். ஐம்பத்து நான்காம் பிறந்த நாள் கழிந்து பத்து நாட்களே ஆகியிருந்தன.

அமெரிக்கக் காப்புரிமம் அன்று வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகளுக்குச் செல்லும். எனவே 1891ஆம் ஆண்டுக் காப்புரிமத்தின் காலம் 1908இல் முடிந்திருந்தது. பீரங்கி மேடைகளிலும் சுரங்கங்களிலும் உருட்டாலைகளிலும் தம் முறை இடம்பிடித்ததை அவர் கண்டார். ஆனால் வானளாவிகளின் விரைவு மின்தூக்கிகளில் அது எங்கும் பரவலான 1920களில் காப்புரிமமும் உயிரோடில்லை, காப்புரிமக்காரரும் உயிரோடில்லை.

முறையின் வளர்ச்சி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் இல்க்னர் என்ற பொறியாளர் வார்டு லியோனார்டு தொகுதியின் தண்டில் கனத்த சுழல்சக்கரம் ஒன்றைச் சேர்த்தார். சுரங்க ஏற்றியும் உருட்டாலையும் சில நொடிகளுக்குப் பெருந்திறனைக் கேட்டு, பின் சற்று நேரம் சும்மா இருப்பவை. கேட்கும் நொடிகளில் சுழல்சக்கரம் தன் வேகத்தைச் சிறிது இழந்து ஆற்றலைக் கொடுக்கும், ஓய்வு நேரத்தில் மீண்டும் வேகம் பெறும். இதனால் மின் நிலையத்துக்கு அதிர்ச்சி தெரியாது. பழுக்கக் காய்ச்சிய எஃகுப் பாளத்தை முன்னும் பின்னுமாக உருட்டும் ஆலைகளில் நீராவிப் பொறியை வெளியேற்றியது இந்தக் கூட்டே.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செனரல் எலக்ட்ரிக்கில் எர்ன்சுட்டு அலெக்சாண்டர்சன் உருவாக்கிய ஆம்பிளிடைன் என்னும் சுழல்பெருக்கி, மிகச் சிறிய குறிகையைக் கொண்டு பெரிய மின்னோடியை ஆள வழி செய்தது. பீரங்கிகளைக் குறிபார்த்துத் திருப்புவதற்கு அது பயன்பட்டது.

சுழலும் மின்னாக்கிக்கு முடிவு கட்டியவை மின்னணுக் கருவிகள். முதலில் பாதரச வில் திருத்திகள் வந்தன. 1957இல் செனரல் எலக்ட்ரிக் உருவாக்கிய தைரிசுட்டர், மாறுதிசை மின்னோட்டத்திலிருந்து வேண்டிய அளவு நேர்மின்னழுத்தத்தை நேரடியாக வெட்டியெடுத்துத் தந்தது. மூன்று இயந்திரங்களின் இடத்தை ஓர் அலமாரியும் ஒரு மின்னோடியும் பிடித்தன. முறையின் பெயரிலும் சற்று மாற்றம் நேர்ந்து "நிலைத்த வார்டு லியோனார்டு" என்று சில நூல்கள் எழுதின.

இன்றைய மாறுவேக இயக்கிகள்

லியோனார்டின் காலத்தில் மாறுதிசை மின்னோட்டத் தூண்டல் மின்னோடியின் வேகத்தை மாற்ற எளிய வழி இல்லை. அதன் வேகம் மின்னலைவெண்ணைச் சார்ந்தது. 50 எர்ட்சில் நான்கு முனைகள் கொண்ட மின்னோடியின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும். மின்னோடி அதற்குச் சற்றுப் பின்தங்கி ஓடும். வேகத்தை மாற்ற வேண்டுமாயின் அலைவெண்ணையே மாற்ற வேண்டும். டென்மார்க்கின் டான்ஃபோசு நிறுவனம் 1968இல் இத்தகைய அலைவெண் மாற்றிகளைத் தொகுதியாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1971இல் சீமென்சு நிறுவனத்தின் பெலிக்சு பிளாசுக்கே புலத்திசைக் கட்டுப்பாட்டு முறையை முன்வைத்தார். காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டத்தையும் முறுக்கு விசையை உண்டாக்கும் மின்னோட்டத்தையும் கணக்கீட்டால் பிரித்து, தூண்டல் மின்னோடியை நேர்மின்னோட்ட மின்னோடியைப் போலவே ஆளும் முறை இது. லியோனார்டின் அமைப்பில் புலமும் சுழலகமும் வெவ்வேறு சுருள்களாக இயல்பாகவே பிரிந்திருந்தன. அப்பிரிவை இங்கு நுண்செயலி செய்கிறது.

இன்று சந்தையில் கிடைக்கும் சிற்றளவு இயக்கியைத் திறந்து பார்த்தால் லியோனார்டின் மூன்று இயந்திரங்களின் வேலையை அடையாளம் காணலாம். உள்வரும் மாறுதிசை மின்னோட்டத்தை ஒரு திருத்தி நேர்மின்னோட்டமாக்குகிறது. மின்தேக்கிகள் அதைச் சமன் செய்கின்றன. திரிதடைய நிலைமாற்றிகள் (பெரும்பாலும் ஐ.ஜி.பி.டி. வகை) அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை துண்டித்து, வேண்டிய மின்னழுத்தமும் அலைவெண்ணும் கொண்ட மும்முனை மின்சாரமாக வெளிவிடுகின்றன. சிறு இயக்கிகள் சில வீட்டு இணைப்புப் போன்ற ஒருமுனை மின்சாரத்தைப் பெற்றே மும்முனை மின்னோடியை ஓட்ட வல்லவை.

ஆலைக்கு இயக்கி தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டிய பண்புகள் பலவும் 1890களின் அதே கேள்விகளே. எத்தனை நொடியில் வேகம் ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்பதை எண்ணாக இட்டுவிடலாம். லியோனார்டின் மின்தூக்கியில் இது இயக்குபவரின் கைப்பழக்கத்தைச் சார்ந்திருந்தது. விசிறிக்கும் நீரேற்றிக்கும் மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் ஒரே விகிதத்தில் மாற்றும் எளிய முறை போதும். பாரந்தூக்கிக்கும் கலவை இயந்திரத்துக்கும் குறைந்த வேகத்திலும் முழு முறுக்கு விசை தரும் புலத்திசை முறை வேண்டும். விசிறியின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 80 விழுக்காடு வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழப் பாதித் திறனே செலவாகும். காற்றுவழியைத் தகட்டால் மறைத்து முழு வேகத்தில் ஓட்டுவதும் ஒருவகை மின்தடையமே. பழைய ஆலைகளில் அதை இன்றும் காணலாம்.

தடுப்பு ஆற்றல் போகும் வழியை மட்டும் வாங்குபவர்கள் பலர் கவனிப்பதில்லை. மலிவான சிற்றளவு இயக்கிகளின் திருத்தி ஒருவழிப் பாதை. மின்னோடி வேகம் தணியும்போது திரும்பி வரும் ஆற்றல் கம்பிக்குச் செல்ல முடியாமல் மின்தேக்கிகளில் குவியும். மின்னழுத்தம் எல்லை மீறினால் இயக்கி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அதைத் தவிர்க்க வெளியே ஒரு தடுப்பு மின்தடையம் பொருத்தி, அதில் ஆற்றலை எரிக்கின்றனர். 1891இன் கருவி தானாகவே செய்த மீளாக்கம், இங்குக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் ஒரு விருப்பத் தேர்வாகிவிட்டது. மாவரைக்கும் இயந்திரத்துக்கு இது பொருட்டன்று. நாள் முழுதும் பாரம் இறக்கும் ஏற்றிக்கு மீளாக்க வகை வாங்குவது சில ஆண்டுகளில் தன் விலையை மீட்டுத் தரக்கூடும்.

ஏனைய தேர்வுகள் இடத்தையும் சூழலையும் பொறுத்தவை. பெட்டிக்குள் வைக்கும் இயக்கிக்குத் தூசுக் காப்பு தேவையில்லை. நூற்பாலையின் பஞ்சுத் தூசிலோ, நீர் தெளிக்கும் உணவு ஆலையிலோ வைப்பதற்கு மூடிய உறை வேண்டும். அவசர நேரத்தில் முறுக்கு விசையை உறுதியாகத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளீடு பல இயக்கிகளில் இயல்பாகவே உண்டு. பொதுவாக 40 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலைக்கும் கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் வரையிலான உயரத்துக்கும் திறன் குறிக்கப்படுவதால், இவற்றை மீறும் இடங்களில் ஒரு படி பெரிய இயக்கி வேண்டும். மின்னோடியும் கவனத்துக்குரியது. அதன் தண்டிலேயே பொருத்திய விசிறி குறைந்த வேகத்தில் போதிய காற்றைத் தராது. நெடுநேரம் ஊர்ந்து ஓட வேண்டிய மின்னோடிக்குத் தனி விசிறி அமைக்காவிட்டால் இயக்கி நன்றாக இருக்கும்போதே மின்னோடி கருகிவிடும்.

பெயர் வழக்கு

பாடநூல்கள் பலவற்றில் இம்முறையின் பெயர் இடையே ஒரு கோடிட்டு அச்சிடப்பட்டிருக்கும். அதனால் வார்டு என்றொருவரும் லியோனார்டு என்றொருவரும் சேர்ந்து கண்டுபிடித்தனர் என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. இருவரும் ஒருவரே. வார்டு என்பது அவருடைய நடுப்பெயர். ஆலைகளிலிருந்து சுழலும் தொகுதிகள் பெரும்பாலும் அகற்றப்பட்டுவிட்ட பின்னரும், பொறியியல் கல்லூரிகள், பல்தொழில்நுட்பப் பயிலகங்கள் பலவற்றின் மின் இயந்திர ஆய்வகங்களில் இச்சோதனை செய்யப்பட்டு வருகிறது. மாணவர் புலத்தடையை மெல்லத் திருப்ப, வேகமானியின் முள் சுழியத்திலிருந்து சீராக ஏறுவதை அங்குக் காணலாம்.